மறைந்திருக்கும் கடவுளும் விரியும் வானமும்

வணக்கம், நேயர்களே.

ஞாயிறு ஆராதனை முடிந்து எம்ஆர்டி ரயிலில் வீடு திரும்பும்போது, உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் மகள் கேட்கிறாள்: “பைபிள்ல ஆறு நாள்னு இருக்கு, சயின்ஸ் புக்குல 1,380 கோடி வருஷம்னு இருக்கு. எதும்மா உண்மை?” மெதடிஸ்ட், லுத்தரன், ஆங்கிலிக்கன், கத்தோலிக்கம் என்று எந்தச் சபையானாலும் இந்தக் கேள்வி வரத்தான் செய்யும். “சாமி விஷயத்துல அதெல்லாம் கேக்கக் கூடாது” என்று வாயை அடைத்தால், அவள் அதே கேள்வியை வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்வாள். பதில் சொல்வதுதான் நல்லது. ஆனால் அவசரப்பட்டு அறிவியலையும் விசுவாசத்தையும் ஒட்டவைத்தால் இரண்டுமே கெட்டுப்போகும். இதை நன்கு உணர்ந்திருந்த ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அவர் பெயர் ஜார்ஜ் லெமைத்ர். 1894ல் பெல்ஜியத்தில் பிறந்தவர். முதல் உலகப் போரில் பீரங்கிப் படையில் இருந்தார். 1923ல் கத்தோலிக்கக் குருவானார். அதே ஆண்டு கேம்பிரிட்ஜுக்குப் போய் வானியல் அறிஞர் எடிங்டனிடம் படித்தார். குருவானவர், இயற்பியலாளர், இரண்டுமே முழுநேரம். 1927ல் பிரெஞ்சு மொழியில் ஒரு கட்டுரை எழுதினார். வெளியான இதழ் பிரஸ்ஸல்ஸ் நகரத்து இதழ்; அதிகம் பேர் கண்ணில் படவில்லை. தொலைதூர விண்மீன் மண்டலங்கள் நம்மை விட்டு விலகிப் போகின்றன, தொலைவு இரண்டு மடங்கானால் விலகும் வேகமும் இரண்டு மடங்காகும் என்று அதில் கணக்குப் போட்டிருந்தார். கவனியுங்கள், அவை வெற்றிடத்துக்குள் ஓடுவதாக அவர் சொல்லவில்லை. இடமே விரிகிறது என்றார். அந்த ஆண்டே ஐன்ஸ்டைனைச் சந்தித்தார். கணக்கு சரி, இயற்பியலை ஏற்க முடியாது என்பது ஐன்ஸ்டைனின் பதில். மண்டலங்கள் விலகுவதைக் காட்டும் அளவீடுகளை அமெரிக்க வானியலாளர் ஹபிள் வெளியிட்டது 1929ல்தான். தொலைவுக்கேற்ப வேகம் கூடும் அந்த விதிக்கு ஹபிள்–லெமைத்ர் விதி என்று பெயர் சூட்டலாம் என அனைத்துலக வானியல் சங்கம் பரிந்துரைத்தது 2018ல்!

1931ல் ‘நேச்சர்’ இதழுக்கு ஒரு சின்னக் குறிப்பு அனுப்பினார். விரிவதைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தால் எல்லாம் ஒரே அணுவிலிருந்து புறப்பட்டிருக்க வேண்டும் என்ற கருத்து அதில் இருந்தது. அதன் தட்டச்சுப் பிரதி இன்றும் இருக்கிறது. அதன் கடைசிப் பத்தியை அவர் கோடு போட்டு அடித்திருக்கிறார். அடித்தது என்ன தெரியுமா? எல்லாவற்றையும் தாங்கி நிற்கும் ஒருவரை நம்புகிறவர்கள் அவர் இயல்பிலேயே மறைந்திருப்பவர் என்றும் நம்புகிறார்கள். படைப்பை மறைக்கும் திரை ஒன்றை இன்றைய இயற்பியல் தருவதைக் கண்டு அவர்கள் மகிழலாம் என்ற கருத்து. ஏசாயா 45ம் அதிகாரம் தேவனைத் தம்மை மறைத்துக்கொண்டிருக்கிறவர் என்று சொல்கிறதே, அதே எண்ணம். அந்த நம்பிக்கையை அவர் ஒருநாளும் விடவில்லை. இயற்பியல் குறிப்பில் அதற்கு இடமில்லை என்று நினைத்திருப்பார் என்பது என் கணிப்பு.

அந்தக் கட்டுப்பாட்டின் அருமை இருபது ஆண்டு கழித்துத்தான் தெரிந்தது. 1951 நவம்பரில் பன்னிரண்டாம் பயஸ் திருத்தந்தை, புதிய வானியல் படைப்பின் தொடக்கத்துக்கே சான்று சொல்கிறது என்கிற தொனியில் உரையாற்றினார். உலகமெங்கும் கிறிஸ்தவர்கள் மகிழ்ந்தார்கள். லெமைத்ர் மகிழவில்லை. அப்போது பிரபஞ்சத்துக்குத் தொடக்கமே இல்லை என்ற பிரிட்டிஷ் வானியலாளர் ஃபிரெட் ஹாயலின் கோட்பாடு பலமாக நின்றது. லெமைத்ரின் கருத்துக்கு ‘பெருவெடிப்பு’ என்ற பெயரே 1949ல் ஹாயல் பிபிசி வானொலி உரை ஒன்றில் வைத்ததுதான். நாளைக்கு ஹாயல் வென்றிருந்தால்? கோட்பாட்டோடு கட்டிவைத்த விசுவாசமும் கூடவே சரிந்திருக்கும். அடுத்த ஆண்டு ரோமில் வானியலாளர்களிடம் பேசியபோது திருத்தந்தை அந்த வாதத்தை மறுபடி எடுக்கவில்லை.

ஹாயல் வெல்லவில்லை. பென்சியாஸ், வில்சன் என்ற இரு அமெரிக்கர்களின் அலைவாங்கியில் 1964ல் ஓர் இரைச்சல் கேட்டது. எந்தப் பக்கம் திருப்பினாலும் நிற்கவில்லை. உள்ளே கூடுகட்டிய புறாக்களின் எச்சத்தைக்கூடத் துடைத்துப் பார்த்தார்கள். ஆதிப் பிரபஞ்சத்தின் வெப்பம், குளிர்ந்து மைனஸ் 270 டிகிரிக்கு வந்து, நுண்ணலையாக வானமெங்கும் நிறைந்திருந்ததுதான் அது. சிங்கப்பூரில் 2019ல் பழைய அனலாக் ஒளிபரப்பு நிற்கும்வரை, நிலையம் கிடைக்காத தொலைக்காட்சித் திரையில் புள்ளி புள்ளியாக இரைந்ததே, நினைவிருக்கிறதா? அதில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு அந்த ஆதி வெப்பம். 1966 ஜூனில் லெமைத்ர் மரணப் படுக்கையில் இருந்தபோதுதான் இந்தச் செய்தி அவர் காதுக்கு எட்டியது.

இன்னொன்றும் சொல்கிறேன்: அறிவியலுக்கு இன்னும் விளங்காத இடத்தில் கடவுளைக் கொண்டுபோய் வைக்காதீர்கள். நியூட்டனே இதில் சறுக்கினார். கோள்கள் ஒன்றையொன்று இழுப்பதால் சூரியக் குடும்பம் மெல்லச் சீர்குலையும், கடவுள் அவ்வப்போது சரிசெய்ய வேண்டியிருக்கும் என்று எழுதினார். வியாழன், சனி இரண்டின் தடுமாற்றமும் ஏறத்தாழ 900 ஆண்டுக்கு ஒருமுறை தானாகவே சுற்றி வரும் ஒழுங்கு என்று 1780களில் பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸ் காட்டினார். கடவுளைப் பழுதுபார்ப்பவராக வைத்திருந்தவர்களுக்கு அவர் தேவையற்றவராகிவிட்டார்.

அப்படியானால் கடவுளுக்கு எங்கே இடம்? பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே புனித தாமஸ் அக்வினாஸ் விடை சொல்லிவிட்டார். உலகத்துக்குத் தொடக்கம் உண்டு என்பதை வாதத்தால் நிறுவ முடியாது, விசுவாசத்தால்தான் ஏற்கிறோம்; படைப்பு என்பது எல்லாம் ஒவ்வொரு கணமும் கடவுளைச் சார்ந்து நிற்பது என்றார். இப்போது உங்களை எட்டும் என் குரலை எடுத்துக்கொள்ளுங்கள். நான் வாய் திறந்திருக்கும்வரைதான் அது உண்டு. தச்சர் போன பிறகும் நாற்காலி நிற்கும், பேசுகிறவர் நிறுத்திவிட்டால் குரல் இருக்காது. உலகம் கடவுளைச் சார்ந்திருப்பது அப்படித்தான். பெருவெடிப்பு தவறென்று நாளை யாராவது நிரூபித்தாலும் இந்தச் சார்பில் ஒரு அணுவும் குறையாது.

அறிவியல் இங்கே பெரிய உதவி செய்கிறது. “வானங்கள் தேவனுடைய மகிமையை வெளிப்படுத்துகிறது” என்று பாடிய தாவீதின் கண்ணுக்கு, நல்ல இருட்டில்கூடச் சில ஆயிரம் நட்சத்திரங்களே தெரிந்திருக்கும். நம் பால்வீதியில் மட்டுமே குறைந்தது 10,000 கோடி. விளக்கு வெளிச்சத்தில் சிங்கப்பூர் வானத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் தெரிகிறது என்றாலும், அந்தச் சங்கீதத்தைப் பாடும்போது தாவீதைவிட நமக்குத்தான் நா தழுதழுக்க வேண்டும்.

இனி அந்த மகளுக்கான பதில். ஆதியாகமம் முதல் அதிகாரத்தைத் திறந்து, விரல்களை நீட்டச் சொல்லுங்கள். இடக்கையில் முதல் மூன்று நாள்: ஒளியும் இருளும், வானமும் நீரும், நிலம். வலக்கையில் அடுத்த மூன்று: சூரிய சந்திரர், பறவையும் மீனும், விலங்கும் மனிதரும். இரண்டு கைகளையும் சேர்த்தால் விரலுக்கு விரல் பொருந்தும். இடக்கை இடங்களை அமைக்கிறது, வலக்கை அவற்றில் குடியேற்றுகிறது. சூரியன் நான்காம் நாளில்தான் வருகிறது என்றால் முதல் மூன்று நாள் எப்படி நாள் ஆகும் என்று அகஸ்தீன் போன்ற ஆதி கால ஆசிரியர்களே யோசித்திருக்கிறார்கள். எத்தனை மணி நேரம் என்பதைவிட, யார் ஒழுங்குபடுத்தினார், எதற்காக என்பதே அந்த அதிகாரத்தின் அக்கறை. இதை அவளே விரல் மடக்கிக் கண்டுபிடிக்கட்டும். நீங்கள் முந்திக்கொண்டு சொல்ல வேண்டாம்.

பரிணாமத்தைப் பற்றியும் பேச எண்ணியிருந்தேன். கண்ணாடிக்கு அப்பாலிருந்து நேரம் ஆகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். மருந்தும் ஜெபமும் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. ஜெபம் செய்தாயிற்று என்று பலதுறை மருந்தகத்தில் கொடுத்த நீரிழிவு மாத்திரையையோ இன்சுலினையோ நிறுத்தாதீர்கள். பவுல் தீமோத்தேயுவுக்கு வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொல்லி எழுதினார், கொலோசெயர் நிருபத்தில் லூக்காவைப் பிரியமான வைத்தியன் என்கிறார். அளவைக் குறைக்க வேண்டுமென்றால் மருத்துவரிடம் கேட்டுக் குறையுங்கள். ஜெபத்தை அதற்காகக் குறைக்க வேண்டியதில்லை. நன்றி, வணக்கம்.