பாதி லோடுக்கு முழு டீசல்

நேயர்களுக்கு வணக்கம். விடியற்காலை நான்கு மணிக்குச் சென்னை கோயம்பேடு சந்தையில் நின்று பார்த்தால், ஒரு மாநகரம் தன் அன்றாடச் சாப்பாட்டுக்காக எரிபொருளை எங்கே வீணடிக்கிறது என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும். ஒட்டன்சத்திரத்துக் காய்கறியும் நாசிக் வெங்காயமும் லாரிகளில் வந்து இறங்க, அதே சரக்கு சாக்குகளாகவும் டிரேக்களாகவும் பிரிந்து, சின்ன யானை என்று நாம் அழைக்கும் சிறு வண்டிகளிலும் ஆட்டோக்களிலும் பைக்கின் பின்சீட்டிலும் ஏறி ஊரெங்கும் போகிறது. லாரியில் அதன் கொள்ளளவு நிரம்பியிருக்கிறது. அதனால் ஒரு கிலோவை ஒரு கிலோமீட்டர் கொண்டுவர அதற்கு ஆகும் டீசல் மிகக் குறைவு. கடைசிப் பத்துக் கிலோமீட்டரில்தான் அந்தக் கணக்கு தலைகீழாகிறது.

2005இல் அறிமுகமான டாடா ஏஸ் வண்டி ஏறத்தாழ 750 கிலோ சுமக்கும். வண்டியின் சொந்த எடையோ 800 கிலோவுக்கு மேல். ஒரு மளிகைக் கடைக்காரர் அதில் 180 கிலோ மட்டும் ஏற்றிப் போனால், சரக்கைவிட நான்கு மடங்குக்கும் அதிகமான இரும்பையே டீசல் ஊற்றி இழுக்கிறார் என்று பொருள். பக்கத்துத் தெருக்களின் நான்கு கடைகள் ஒரே வண்டியில் சேர்ந்து ஏற்றினால், மூன்று வண்டிகள் ஓடவே வேண்டியதில்லை.

மின்சார வண்டி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அடிக்கடி பிரேக் போடும் நகர ஓட்டத்தில் டீசல் வண்டி வெப்பமாக இழப்பதில் ஒரு பகுதியை மின்மோட்டார் பேட்டரிக்கே திருப்பி அனுப்பும் என்பது உண்மைதான். சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் வீணே உறுமிக்கொண்டிருப்பதும் இல்லை. ஆனாலும் முக்கால்வாசி காலியாக ஓடும் மின்சார வண்டி, வீணடிப்பதைச் சற்று மலிவாகச் செய்கிறது, அவ்வளவே.

சந்தை எங்கே இருக்கிறது என்பதும் இதில் சேர்த்தி. நெரிசலில் திணறிய கொத்தவால் சாவடியிலிருந்து 1996இல் கோயம்பேட்டுக்கு மாறியதால் லாரிகள் ஜார்ஜ் டவுன் சந்துகளுக்குள் நுழைய வேண்டிய தேவை ஒழிந்தது. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 மே மாதம், காய்கறிச் சந்தை தற்காலிகமாகத் திருமழிசைக்குப் போனபோதோ, சென்னைக் கடைக்காரர்கள் பெரும்பாலோருக்கும் டிரிப்பின் தூரம் கூடிற்று.

கூட்டாக ஏற்றுவதற்கு எது தடை? தக்காளியைத் தன் கையால் அழுத்திப் பார்த்து வாங்காவிட்டால் கடைக்காரருக்கு மனம் ஒப்பாது. அதில் தவறில்லை, அவர் பிழைப்பே அதில்தான் இருக்கிறது. வாங்குவதைத் தனித்தனியாகவே வைத்துக்கொண்டு ஏற்றுவதை மட்டும் பொதுவாக்கலாமே. 1890 முதல் மும்பையில், வீட்டுச் சாப்பாட்டை அலுவலகங்களுக்குக் கொண்டுசேர்க்கும் டப்பாவாலாக்கள் செய்வது இதைத்தான். வீட்டுக்கு வீடு சமையல் வேறு. டப்பாவின் மூடியில் எழுதிய குறியீட்டை நம்பி எல்லாம் ஒரே ரயில் பெட்டியில் பயணம் செய்கின்றன. கோயம்பேட்டில் அதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். கடைக்கு ஒரு நிறமாகச் சாக்கின் வாயைக் கட்டும் கயிறு இருக்க வேண்டும். கடைசியாக இறங்கும் சரக்கு முதலில் ஏற வேண்டும் என்பதை லோடுமேனிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.