பாடியவர் தெரியும், எழுதியவர் யார்?

(நூலக வாசகர் வட்டத்தின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, போன வருடம் கேட்டதும் இந்த நூலகத்துக்கு இரண்டு மின்விசிறிகள் வாங்கித் தந்த வணிகர் சங்கச் செயலாளர் அவர்களே (அந்த விசிறிகள் இன்றைக்கும் சுற்றுகின்றன, ஒன்று மட்டும் கொஞ்சம் சத்தத்தோடு), எனக்கு முன்னால் பேசி என் நேரத்தில் பாதியை அன்போடு எடுத்துக்கொண்ட தமிழாசிரியர் ஐயா அவர்களே, நூலகர் அம்மா அவர்களே, தாய்மார்களே, பெரியோர்களே, கடைசி வரிசையில் போன் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பிகளே, வணக்கம்.

‘உலகப் பாட்டுப் போட்டிக்கு ஒரு நாடு தன் பாட்டை எப்படித் தேர்ந்தெடுக்கிறது’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நான் போர்ச்சுகலை எடுத்துக்கொள்கிறேன். மூன்று விஷயம் பேசலாம் என்று குறித்து வந்தேன்: தேர்ந்தெடுக்கும் முறை, பாடும் மொழி, அதில் புரளும் பணம். பார்க்கலாம், தலைவர் மணி அடிப்பதற்குள் எவ்வளவு போகிறதோ.

ஐரோப்பாவில் யூரோவிஷன் என்று வருடாவருடம் ஒரு போட்டி நடக்கிறது. நாட்டுக்கு ஒரு பாட்டு. 1956இல் தொடங்கியது. போர்ச்சுகல் 1964இல் உள்ளே வந்தது. முதல் வருடம் வாங்கிய புள்ளி எவ்வளவு தெரியுமா? பூஜ்யம். அப்படித் தொடங்கியவர்கள் முதல் வெற்றியைப் பார்த்தது 2017இல். 53 வருடம்! நம் ஊரில் ஒரு தேர்தலில் தோற்றாலே கட்சி மாறிவிடுகிறார்கள். மேடையில் இருக்கும் யாரையும் சொல்லவில்லை.

பாட்டைத் தேர்ந்தெடுக்க ஆர்.டி.பி. என்கிற அரசுத் தொலைக்காட்சி ‘ஃபெஸ்டிவல் டா கன்சாவ்’ என்று ஒரு விழா நடத்துகிறது. பாட்டுத் திருவிழா. இரண்டு அரையிறுதி, ஓர் இறுதி. இறுதியில் பாதி மதிப்பெண் மக்கள் தொலைபேசியில் போடும் ஓட்டு. மறுபாதி ஏழு வட்டாரங்களில் உட்கார்ந்திருக்கும் நடுவர்களுடையது. லிஸ்பன் ஒரு வட்டாரம், அலென்தேஜு ஒன்று, கடல் நடுவே கிடக்கும் அசோர்ஸ், மதீரா தீவுகளும் தனித்தனி வட்டாரங்கள். தலைநகரத்துக்காரன் சொன்னதே தீர்ப்பு என்று விடவில்லை பாருங்கள். இரண்டு பாட்டும் சமமாக வந்தால் மக்கள் ஓட்டு அதிகம் வாங்கிய பாட்டே ஜெயிக்கும்.

ஆனால் என்னைக் கட்டிப்போட்ட விஷயம் வேறு. அங்கே முதலில் அழைப்புப் போவது பாட்டு எழுதுகிறவர்களுக்கு. ‘ஒரு பாட்டுக் கொடுங்கள்’ என்று அவர்களைக் கேட்கிறார்கள். யார் பாடுவது என்று அவர்களே ஆள் பிடிக்கிறார்கள். 2017இல் லுயிசா சோப்ரால் என்ற பெண்ணுக்கு அப்படி அழைப்பு வந்தது. அவர் பாட்டை எழுதி, இசையமைத்து, பாடத் தன் தம்பி சல்வடோரை அழைத்தார். தேர்வில் மக்கள் ஓட்டில் அந்தப் பாட்டு இரண்டாவதுதான். நடுவர்கள் முதலிடம் கொடுத்ததால் தப்பியது. அப்புறம் உக்ரைனில் கீவ் நகரத்தில் மேடை. சல்வடோருக்கு இதய நோய். முதல் சில நாள் ஒத்திகைகளுக்கு அவரால் வர முடியவில்லை, அக்காவே போய்ப் பாடிப் பார்த்தார். போட்டியன்று ஆட்டம் இல்லை, தீப்பொறி இல்லை, தொளதொளவென்று ஒரு கோட்டு மாட்டிக்கொண்டு தனியாக நின்று போர்த்துகீசிய மொழியிலேயே பாடினார் அந்தப் பிள்ளை. 758 புள்ளிகள்! அதுவரை யாரும் தொடாத எண்ணிக்கை. வென்ற பாட்டை மறுபடி பாட வேண்டும் என்பது வழக்கம். அப்போது அக்காவை மேடைக்கு அழைத்து, இருவரும் மாறி மாறிப் பாடினார்கள். எழுதியவர் யார் என்று உலகமே பார்த்தது.

இங்கேதான் என் பழமொழி வருகிறது. என்னோடு பழகியவர்கள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ‘ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.’ நெய் கொடுத்த வீட்டை மறந்துவிட்டு, ஊற்றின கையை மட்டும் புகழ்கிறோம். சல்வடோர் நெய் யார் வீட்டுடையது என்று சொல்லிவிட்டுப் பரிமாறினார். ஆறேழு மாதத்தில் அவருக்கு மாற்று இதயம் பொருத்தினார்கள். இன்றைக்கும் பாடுகிறார்.

இனி ஒரு கதை. இது கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வருடம் 1974. போர்ச்சுகலில் 1926இலிருந்து சர்வாதிகாரம். ஆட்சியில் சலசார் போய்க் கயத்தானோ வந்தாரே தவிர சிறை அப்படியே இருந்தது. பத்திரிகை, பாட்டு, நாடகம் எல்லாவற்றையும் நீலப் பென்சிலால் அடிக்கும் தணிக்கைக்காரர்கள். நமக்கு இவர்களைத் தெரியும், 1961 வரை கோவாவை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர்கள். அங்கோலா, மொசாம்பிக், போர்த்துகீசிய கினி என்று ஆப்பிரிக்காவில் அவர்கள் பிடித்து வைத்திருந்த மூன்று இடத்தில் போர். சண்டையிட்டுச் சலித்துப்போன இளம் ராணுவ அதிகாரிகள், குறிப்பாகக் கேப்டன்கள், ஆட்சியைக் கவிழ்க்க ரகசியமாகக் கூடினார்கள்.

அந்த வருடம் யூரோவிஷனுக்குத் தேர்வான பாட்டு ‘விடைபெற்ற பிறகு’. காதலில் பிரிந்தவனின் புலம்பல். பாடியவர் பாவ்லோ டி கர்வால்யோ. ஏப்ரல் 6ஆம் தேதி இங்கிலாந்தில் பிரைட்டன் நகரத்தில் போட்டி. ஸ்வீடனின் ‘அப்பா’ (ABBA) இசைக்குழு ஜெயித்த அதே போட்டிதான். நம்மவருக்குக் கிடைத்தது 3 புள்ளி. நான்கு நாடுகள் சேர்ந்து கடைசி இடம்! தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஊர் திரும்பியிருப்பார் பாவம்.

இந்தப் பக்கம் கேப்டன்களுக்கு ஒரு சிக்கல். படைமுகாம்கள் பல இடத்தில் இருக்கின்றன. எல்லோரும் ஒரே நேரத்தில் தயாராக வேண்டும். தொலைபேசியில் பேசினால் ரகசிய போலீஸ் ஒட்டுக்கேட்கும். என்ன செய்யலாம்? வானொலியில் ஒரு பாட்டைப் போட்டால் அதுவே சைகை! எந்தப் பாட்டு? புரட்சிப் பாட்டைப் போட்டால் தொடக்கத்திலேயே சந்தேகம் வந்துவிடும். போட்டிக்குப் போய்த் தோற்று வந்த காதல் பாட்டை யார் சந்தேகப்படுவார்கள்? தணிக்கைக்காரரே கூடச் சேர்ந்து முணுமுணுப்பார்.

ஏப்ரல் 24, இரவு. லிஸ்பன் வானொலி நிலையம் ஒன்றில் அறிவிப்பாளர் மைக்கைத் திறக்கிறார். பதினொரு மணிக்கு இன்னும் ஐந்து நிமிடம் என்கிறார். பாடகர் பெயரைச் சொல்கிறார், போட்டியின் பெயரைச் சொல்கிறார், பாட்டின் பெயரைச் சொல்கிறார். பாட்டு ஓடுகிறது. முகாம்களில் வானொலிப் பெட்டியில் காதை வைத்திருந்தவர்கள் எழுந்து பூட்ஸ் மாட்டுகிறார்கள். அந்த நிலையத்துக்கு எட்டும் தூரம் குறைவு. அதனால் நள்ளிரவு 12:20க்கு நாடு முழுக்கக் கேட்கும் வேறொரு நிலையத்தில் இரண்டாவது பாட்டு. அது ஜோசே அஃபோன்சோ பாடியது. விடிந்தபோது டாங்கிகள் தலைநகரத்தில் நிற்கின்றன. மக்கள் வீட்டுக்குள் இருங்கள் என்றால் கேட்கவில்லை, தெருவில் குவிந்து சிப்பாய்களின் துப்பாக்கிக் குழாயில் சிவப்புக் கார்னேஷன் பூவைச் செருகினார்கள். மாலைக்குள் கயத்தானோ பதவியை ஒப்படைத்தார். ரகசிய போலீஸ் தலைமையகத்திலிருந்து சுட்டதில் நான்கு பேர் செத்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. அடுத்த வருடப் போட்டிக்குப் பாடப் போன டுவார்ட்டே மெண்டெஸ் யார் தெரியுமா? அந்தப் புரட்சியில் நின்ற கேப்டன்களில் ஒருவர்!

கைதட்டியதற்கு நன்றி. இப்போது ஒரு கேள்வி. அந்த இரவில் அறிவிப்பாளர் பாடகர் பெயரைச் சொன்னார் என்றேன். பாட்டை எழுதிய ஜோசே நீசா பெயரைச் சொன்னாரா? இசையமைத்த ஜோசே கல்வாரியோ பெயரை? இல்லை. புரட்சி நடக்கிற அவசரத்தில் அவரை மன்னிக்கலாம். நம் பண்பலை வானொலிக்காரர்களுக்கு என்ன அவசரம்? சமையல் எண்ணெய் விளம்பரம் முழு நிமிடம் ஓடுகிறது. பாடலாசிரியர் பெயருக்கு மூன்று வினாடி இல்லையா?

இங்கே ஐம்பது வயது தாண்டியவர்களைக் கேட்கிறேன். இலங்கை வானொலியில் எப்படிச் சொல்வார்கள்? படம், பாடலாசிரியர், இசை, பாடியவர் என்று வரிசையாக. படம் பார்க்காத பிள்ளைக்கும் கவிஞர் பெயர் மனப்பாடம். இப்போது போனில் பாட்டுக் கேட்கும் தம்பிகளே, திரையைப் பாருங்கள். பெரிதாகப் படத்தின் போஸ்டர், கீழே பாடகர் பெயர். எழுதியவரைக் கண்டுபிடிக்க ஓரத்தில் மூன்று புள்ளியைத் தொட்டு, கீழே இழுத்து, இன்னொரு பக்கம் போக வேண்டும். ‘ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.’

போர்ச்சுகலில் ஆரி டோஸ் சாண்டோஸ் என்று ஒரு கவிஞர். அவர் எழுதிய பாட்டு நான்கு முறை தேர்வில் ஜெயித்தது. 1973இல் காளைச் சண்டையைப் பற்றி எழுதுவதுபோல் எழுதி, ஆட்சியையும் அதை அண்டிப் பிழைத்தவர்களையும் கிழித்தார். நீலப் பென்சில் அதைத் தாண்டிப் போய்விட்டது. அவர் பெயர் அங்கே பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும் என்கிறார்கள். நம் கவிஞர் ஒருவர் எழுதிய வரியை இன்னொருவர் பெயரில் ஸ்டேட்டஸ் வைக்கிறோம்.

மணி அடித்துவிட்டார் தலைவர். மொழி பற்றி ஒரே வரி: 1999இல் எந்த மொழியிலும் பாடலாம் என்று விட்டதும் பல நாடுகள் ஆங்கிலத்துக்கு ஓடின, போர்ச்சுகல் 2021இல்தான் முதன்முறையாக முழு ஆங்கிலப் பாட்டை அனுப்பியது. பணம் பற்றி அடுத்த விழாவில், கூப்பிட்டால் பேசுகிறேன்.

வாசல் மேசையில் ஒரு மனு இருக்கிறது. வானொலி நிலையங்கள் ஒவ்வொரு பாட்டுக்கும் எழுதியவர், இசையமைத்தவர் பெயரைச் சொல்ல வேண்டும் என்ற கோரிக்கை. பேனா கட்டி வைத்திருக்கிறேன், பேனாவை விட்டுவிட்டுப் போங்கள். நகர்மன்றத் தலைவர் அம்மா முதல் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள், சொன்னது எல்லோர் காதிலும் விழுந்துவிட்டது. அடுத்து நம் ஒன்பதாம் வகுப்பு மாணவி பாடப் போகிறார். பாடுவதற்கு முன்னால் பாட்டை எழுதியவர் பெயரைச் சொல்லச் சொல்லியிருக்கிறேன். சொல்லாவிட்டால் மைக்கை நான் கொடுக்க மாட்டேன். நன்றி, வணக்கம்.