தெமெங்கோர் ஏரிக்குப் போறீங்களா, ஸ்பீக்கர வீட்லயே வச்சிட்டுப் போங்க

வணக்கம் நேயர்களே. ஸ்கூல் லீவு வந்தா பினாங்கு, பட்டர்வொர்த் பக்கம் நம்ம ஆளுங்க ஒண்ணு கேமரன் மலை, இல்லன்னா லங்காவின்னு கிளம்புவாங்க. இப்ப கொஞ்ச வருஷமா பேராக் மாநிலத்து வடக்குல இருக்கற தெமெங்கோர் ஏரிக்கு போட்ஹவுஸ் எடுத்துட்டுப் போற குடும்பங்க நிறைய ஆயிடுச்சு, அதப்பத்தி நாலு வார்த்த பேசுங்கன்னு தான் என்ன கூப்பிட்டாங்க. நான் தூண்டில்காரன், மீன்லயே ஆரம்பிக்கணும்னு வாய் துடிக்குது, ஆனாலும் மொதல்ல ரோட்டப்பத்தி சொல்லிடறேன்.

சுங்கை பட்டாணி, பாலிங், பெங்காலான் ஹுலு, கிரிக்னு போயி அங்கிருந்து கிழக்கு மேற்கு நெடுஞ்சாலைல ஏறினா ஏரில போட் ஏறற இடம், பாண்டிங், வந்துடும். 1982ல திறந்த ரோடு இது, அப்பல்லாம் கம்யூனிஸ்ட் பிரச்சனை, ராத்திரி ஓட்ட விடமாட்டாங்கன்னு பெரியவங்க சொல்லுவாங்க. 1989ல தாய்லாந்து ஹாட்யாய்ல கம்யூனிஸ்டுங்களோட சமாதானம் கையெழுத்தான பிறகு தான் அந்தப் பயம் போச்சு. இப்ப அங்க பயம்னா அது யானைக்குத் தான், நம்மளால. 2025 மே மாசம் கோழி ஏத்திட்டுப் போன லாரி ஒரு யானைக்குட்டிய அடிச்சு, தாய் யானை லாரிய விட்டு நகராம தலைய முட்டிட்டு நின்ன வீடியோ உங்க எல்லார் போன்லயும் வந்திருக்கும், நானும் பார்த்தேன், ஒரு தடவைக்கு மேல பார்க்க முடியல. யானைங்க ராத்திரில ரோட்டோரம் புல்லு மேய வரும், வளைவுல திரும்பினா சாம்பல் கலர்ல நிக்குறது சட்டுனு கண்ணுக்குத் தெரியாது. அதனால வேலை முடிஞ்சு வெள்ளிக்கிழம ராத்திரி கிளம்பி விடியக்கால போய் சேர்றோம்னு பிளான் போடாதீங்க, பகல்ல போங்க.

ஏரின்னு நாம சொல்றோம் ஆனா அது பேராக் ஆத்த மறிச்சு 1970கள்ல கட்டின அணைக்கட்டு, 127 மீட்டர் உயரம், தீபகற்பத்துல கென்யிர் ஏரிக்கு அடுத்து இந்த ஏரி தான் பெருசு. தண்ணி ஏறினப்ப காடு அப்படியே உள்ள மூழ்கிடுச்சு, ஜஹாய், தெமியார்ங்கற பூர்வகுடி ஜனங்க குடியிருந்த இடங்களும் போச்சு. செத்த மரங்க இன்னைக்கும் தண்ணிக்குள்ள நிக்குது, தண்ணி இறங்கற மாசத்துல தல நீட்டும், பாதி தண்ணி இருக்கறப்ப தான் ஆபத்து, மேல தெரியாது ஆனா போட்டோட அடியில இடிக்கும். போட்மேன் இருட்டினா போட் எடுக்க மாட்டேன்னா அவர்கிட்ட மல்லுக்கட்டாதீங்க, லைஃப் ஜாக்கெட்ட உக்கார்ற மெத்தையா போட்டு உக்காராம மாட்டிக்கோங்க.

ரோட்டுக்கு வடக்கால ராயல் பெலும், 2007ல மாநிலப் பூங்காவா அறிவிச்சது, 117,500 ஹெக்டர், உள்ள போக முன்கூட்டியே பெர்மிட் எடுக்கணும். தெற்கால தெமெங்கோர் காடு, அங்க மரம் வெட்டி இருக்காங்க, இன்னும் வெட்டுறதப்பத்தி சண்டையும் நடக்குது. பறவைக்கு எந்தக் கோடும் தெரியாது, ரெண்டு பக்கமும் அதுக்கு வேணும். மலேசியாவுல இருக்கற பத்து வகை இருவாச்சியும், அதான் எங்காங், ஹார்ன்பில்னு சொல்றோமே, அந்தப் பத்தும் இங்க இருக்கு. அதுல ஒரு வகை வருஷத்துல சில மாசம், ஜூலைல இருந்து அக்டோபர் வாக்குல, கூட்டம் கூட்டமா தங்கற மரத்துக்குப் பறக்கும், ரெண்டாயிரத்துக்கும் மேல எண்ணியிருக்காங்க. விடியக்காலயும் சாயங்காலமும் தான் அந்தப் பறத்தல். பெரிய இருவாச்சி ரெக்க அடிச்சா ஸ்டீம் எஞ்சின் மாதிரி புஸ் புஸ்னு சத்தம் கேக்கும், நம்ம ஆளுங்க என்ன பண்றாங்க, சரியா அந்த நேரத்துல தான் மேல் மாடில கரோக்கே ஸ்பீக்கர வச்சு குத்துப்பாட்டு போடறாங்க. ஆடணும்னா பட்டர்வொர்த்ல ஹால் இருக்கு, வாடகையும் கம்மி. இந்த ஒண்ணு சொல்றதுக்காகவே தான் நான் ரேடியோவுக்கு வந்தேன்னு வச்சிக்கோங்க. எஞ்சின அணைச்சிட்டு ஒரு அரைமணி நேரம் கரையோரம் சும்மா இருந்தா கிப்பன் குரங்கு கத்தறது கேக்கும், நீர்நாய்க் கூட்டம் வரும், யானை ஒரு தீவுல இருந்து இன்னொரு தீவுக்கு நீந்திப் போகும், தும்பிக்கையும் மண்டையும் மட்டும் தான் மேல தெரியும். புலி பார்க்கலாமான்னு பிள்ளைங்க கேப்பாங்க. நாடு முழுக்கவே 150க்கும் கம்மியா தான் மிச்சம்னு கணக்கெடுப்புல வந்திருக்கு, அதனால பார்க்கலன்னு கோவிச்சுக்க ஒண்ணுமில்ல.

சரி, மீனு. தோமான், செபாராவ், பாவுங், ஆத்துப்பக்கம் போனா கெலா. கெலாவுக்கு எண்ணெய்ப்பனைப் பழத்த மாட்டிப் போடுவாங்க, காட்டுப்பழம் தின்னு பழகின மீன் அது. தோமான், அதான் பெரிய விரால் வகை, அது தான் சண்டைக்காரன், ஆனா அதுல ஒரு விஷயம் இருக்கு. தண்ணி மேல செவப்பா குஞ்சுங்க உருண்டையா கொப்பளிக்கறத பார்ப்பீங்க, மூச்சுவிட மேல வருதுங்க. அடியில அம்மாவும் அப்பாவும் காவல் நிக்கும். அந்த உருண்டைக்கு நடுவுல தவளைப் பொம்மைய வீசினா தாய்மீன் கோவத்துல கடிக்கும், பசில இல்ல, பிள்ளைங்கள காப்பாத்த. ரொம்ப ஈஸி, அதனாலயே நிறைய பேரு அத பெரிய தெறமயா வீடியோ எடுத்துப் போடறாங்க. காவல் போயிட்டா மத்த மீனுங்க குஞ்சுங்கள மொத்தமா காலி பண்ணிடும். குஞ்சு உருண்டைய பார்த்தா தாண்டிப் போங்க. தனியா திரியற தோமானுக்கு மரக்கட்டை ஓரமா வீசுங்க, அது கஷ்டம், கை வலிக்கும், நூலும் அறும், எனக்கு அது தான் தூண்டில் போடறது.

கடைசியா, ஐஸும் சாமானும் கிரிக்லயே வாங்கிடுங்க, அட்டைப்பூச்சி கடிக்காம இருக்க நீள சாக்ஸ், எல்லாருக்கும் ஐசி, அதான் அடையாளக் கார்டு, காப்பி பெர்மிட்டுக்கு வேணும். போட் கிளம்பினப்புறம் பெரும்பாலும் போன் லைன் இருக்காது, அதனால ஆத்தா தாத்தாவுக்கு ஜெட்டிலயே போன் அடிச்சு சொல்லிடுங்க, இல்லன்னா ரெண்டு நாள் கழிச்சு திரும்பி வந்து முப்பது மிஸ்டு காலுக்கு பதில் சொல்லணும்.