கொல்லைக் கதவு எந்தப் பக்கம்?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன வருடம் ஒருநாள், பாட்டி வீட்டு அடுக்களையை வரைந்து பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். பாட்டி போய் இருபது வருடம் ஆகிவிட்டது. வீட்டையும் இடித்துவிட்டார்கள். அந்த அடுக்களையைப் பற்றி எழுதச் சொன்னால் பத்துப் பக்கம் எழுதிவிடுவேன். விறகுப் புகை, சுட்ட கத்தரிக்காய் வாசனை, ஊதுகுழலோடு பாட்டி குனிந்திருப்பது, எல்லாம் வந்துவிடும். ஆனால் பென்சிலை எடுத்ததும் கை நின்றுவிட்டது. கொல்லைக் கதவு அடுப்புக்கு வலப்பக்கமா, இடப்பக்கமா? அக்காவுக்குப் போன் போட்டேன். "அடுக்களைல ஏதுடா கதவு? கூடத்துலதான இருந்துச்சு" என்றாள்.

தன் வாழ்க்கையைப் படங்களாக வரைந்து சொல்கிறவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது அன்றைக்குத்தான். எழுதுகிறவர் 'அம்மா அழுதாள்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம். வரைகிறவர் அப்படிப் போக முடியாது. அம்மா எங்கே உட்கார்ந்திருந்தாள், எந்தப் பக்கம் திரும்பியிருந்தாள், என்ன சேலை? ஒவ்வொன்றுக்கும் அவர் பதில் சொல்லியாக வேண்டும். நினைவில் இல்லாததையும் கோடாகப் போட்டாக வேண்டும். சித்திரத் தன்வரலாறு என்ற இந்த வடிவத்தின் கஷ்டமும் அதுதான், நேர்மையும் அதுதான் என்று நினைக்கிறேன்.

படக்கதை என்றாலே நம்மில் பலருக்கு இரும்புக்கை மாயாவிதான் முதலில் ஞாபகம் வருவார். எனக்கும் அப்படித்தான். அதனால் ஆர்ட் ஸ்பீகல்மன் வரைந்த 'மவுஸ்' முதன்முதலில் கைக்கு வந்தபோது நான் தயாராக இல்லை. அவருடைய அப்பா விளாதெக் போலந்து நாட்டு யூதர், இரண்டாம் உலகப் போரின்போது நாஜி ஜெர்மனி நடத்திய அவுஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து உயிரோடு மீண்டவர். நியூயார்க்கில் வயதாகிப்போய் இருக்கும் அவரிடம் மகன் டேப் ரெக்கார்டரோடு போய் உட்கார்ந்து கதை கேட்கிறார். புத்தகத்தில் யூதர்கள் எலிகள், ஜெர்மானியர்கள் பூனைகள். முதல் பாகம் 1986இல் வந்தது, இரண்டாவது 1991இல். 1992இல் புலிட்சர் சிறப்பு விருது கிடைத்தது. நியூயார்க் டைம்ஸ் தன் விற்பனைப் பட்டியலில் இதைப் புனைகதை வரிசையில் சேர்த்தபோது, ஸ்பீகல்மன் கடிதம் எழுதி அதை மாற்றவைத்தார். எலி முகம் போட்டிருந்தாலும் நடந்தது நடந்ததுதானே!

இதில் ஒரு பக்கத்தை மட்டும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். வானொலியில் படம் காட்ட முடியாது, கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்.

முகாமின் வாசல். கைதிகள் வரிசை வரிசையாக வேலைக்கு நடக்கிறார்கள். வாசலோரம் ஒரு வாத்தியக் குழு நின்று வாசிக்கிறது. கைதிகளையே வாசிக்க வைத்தார்கள், அதற்கு ஆவணங்கள் உண்டு. மகன் அதைப் படித்துவிட்டு வந்து அப்பாவிடம் கேட்கிறார். அப்பாவோ, வாத்தியமா, அப்படி ஒன்றும் இல்லை, நடந்தது மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது என்கிறார். சரி, இப்போது மகன் எதை வரைவது? ஆவணத்தையா, அப்பாவின் ஞாபகத்தையா? முதல் படக்கட்டத்தில் வாத்தியக் குழு தெரிகிறது. அப்பா மறுத்த பிறகு வரும் கட்டத்தில் நடக்கிற கைதிகளின் வரிசை குழுவை மறைத்துவிடுகிறது. ஆனால் முழுதாக மறைக்கவில்லை. தலைகளுக்கு மேலே வாத்தியங்களின் நுனிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன.

அந்த நுனிகளை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று தெரியாது. அப்பாவைப் பொய்யர் ஆக்கவில்லை, சரித்திரத்தையும் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டும் ஒரே கட்டத்துக்குள் இருக்கின்றன. இதையே எழுத்தில் சொல்லப் போனால் ஒரு பத்தி விளக்கம் வேண்டும், விளக்கிய உடனேயே யாராவது ஒருவர் பக்கம் சாய்ந்தும் விடும்.

அதே புத்தகத்தில் வரையவே முடியாத ஒன்றும் இருக்கிறது. ஸ்பீகல்மனின் அம்மா ஆன்யாவும் அவுஷ்விட்ஸில் இருந்தவர். 1968இல் தற்கொலை செய்துகொண்டார். பட்டதையெல்லாம் நோட்டுகளில் எழுதி வைத்திருந்தார். துக்கம் தாங்காமல் அவற்றை எரித்துவிட்டதாக அப்பா ஒருநாள் சொல்கிறார். மகன் அவரைக் 'கொலைகாரன்' என்கிறார். முதல் பாகம் அந்தச் சொல்லோடுதான் முடிகிறது. ஆகவே ஆன்யாவின் பக்கக் கதை நமக்குக் கிடைப்பதே இல்லை. அப்பா சொல்லும் ஆன்யாதான் கிடைக்கிறார்.

அமெரிக்காவின் ஆலிசன் பெக்டல், இறந்துபோன தன் அப்பாவைப் பற்றி 2006இல் 'ஃபன் ஹோம்' என்ற புத்தகம் போட்டார். வரைவதற்காக ஒவ்வொரு பாத்திரத்தின் இடத்திலும் தானே நின்று, போஸ் கொடுத்துப் புகைப்படம் எடுத்துக்கொண்டார். அப்பா எப்படி உட்காருவாரோ அப்படி உட்கார்ந்து பார்த்திருக்கிறார். ஒரு மகள், தான் புரிந்துகொள்ள முடியாத அப்பாவின் உடம்புக்குள் போய் உட்கார்ந்து பார்ப்பது... இதற்கு மேல் என்ன சொல்ல?

கடைசியாக மர்ஜான் சத்ரபி. ஈரான்காரர். இஸ்லாமியப் புரட்சியையும் ஈராக்குடன் நடந்த போரையும் சிறுமியாகப் பார்த்தவர். பிரான்சில் 2000ஆம் ஆண்டு முதல் வெளிவந்த அவருடைய 'பெர்சபொலிஸ்' முழுக்கக் கறுப்பு வெள்ளை. தெஹ்ரானில் அவர்கள் தெருவிலேயே ஏவுகணை விழுகிறது. சிறுமி வீட்டுக்கு ஓடி வருகிறாள். அவர்கள் வீடு தப்பிவிட்டது, அம்மா நலமாக இருக்கிறாள். இடிந்தது பக்கத்து வீட்டுத் தோழி நேதாவின் வீடு. அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறாள். போகும்போதே இடிபாடுகளுக்குள் நேதாவின் கைக்காப்பு கண்ணில் படுகிறது. அது இன்னும் எதனோடோ ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அடுத்து சிறுமி வாயைப் பொத்துகிறாள். அப்புறம் முகத்தையே மூடிக்கொள்கிறாள். அதற்கு அடுத்த கட்டம் முழுக்கக் கறுப்பு. கோடு இல்லை, உருவம் இல்லை. வெறும் மை.

இந்தப் புத்தகம் 'ஈரான்' என்ற பெயரில் இரண்டு பாகங்களாகத் தமிழிலும் வந்திருக்கிறது. நூலகத்தில் கிடைத்தால் எடுத்துப் பாருங்கள். படக்கதைதானே என்று வேகமாகப் புரட்ட வேண்டாம். அந்தக் கறுப்புக் கட்டம் வரும்போது கொஞ்ச நேரம் அங்கேயே இருங்கள்.

நன்றி, வணக்கம்.