டோக்கியோ டிஸ்னிசீ: ஏறுறதுக்கு முன்னாடி கதையைத் தெரிஞ்சுக்கோங்க

வணக்கம். ஜப்பான் டூர் போடுற நம்ம ஆட்கள் பல பேர், "டிஸ்னிலாண்டுக்கு ஒரு நாள்"னு எழுதி வச்சுக்குவாங்க. அங்க இருக்கிறது ஒரு பார்க் இல்லைங்க, பக்கத்துப் பக்கத்துல ரெண்டு. ஒண்ணு 1983ல திறந்த டோக்கியோ டிஸ்னிலாண்ட். இன்னொண்ணு 2001 செப்டம்பர் 4ஆம் தேதி திறந்த டோக்கியோ டிஸ்னிசீ. ஒரே ஒரு நாள்தான் கையில இருக்குன்னா நான் ரெண்டாவதைத்தான் சொல்வேன். டிஸ்னிலாண்ட் கலிஃபோர்னியாவுல இருக்கு, பாரிஸ்ல இருக்கு, ஹாங்காங்ல இருக்கு. டிஸ்னிசீ உலகத்துலயே இங்க மட்டும்தான்.

ஆனா ஒரு விஷயம். இந்தப் பார்க்ல எதைத் தொட்டாலும் அதுக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கும், அந்தக் கதை பெரும்பாலும் ஜப்பானிய மொழியிலதான் வரும். ஹாலிவுட் பட ஹீரோ இந்தியானா ஜோன்ஸ் கூட இங்க ஜப்பானிய மொழியிலதான் கத்துவார். கதை தெரியாம ஏறினா, "லிஃப்ட் மேல போச்சு, கீழ வந்துச்சு"ன்னு இறங்கி வந்துடுவோம். அதனால எந்த ரைடுல கூட்டம், எதுக்கு எவ்வளவு உயரம்னு சொல்றதோட, கதைகளையும் சொல்லியே அனுப்பறேன்.

(காட்சி: ரயில் வரைபடம், டோக்கியோ ஸ்டேஷன்ல இருந்து மைஹாமா வரைக்கும்)

பேருதான் டோக்கியோ. இடம் பக்கத்துல இருக்கிற சிபா மாகாணம், உராயாசு நகரம், கடலைத் தூர்த்து எடுத்த நிலம். டோக்கியோ ஸ்டேஷன்ல கேயோ லைன் ரயில் ஏறினா கால் மணி நேரத்துல மைஹாமா. அங்கிருந்து மோனோரயில், அதுக்குத் தனி டிக்கெட். ஜன்னல், கைப்பிடி எல்லாமே மிக்கி மவுஸ் தலை வடிவத்துல இருக்கும், குழந்தைங்களுக்கு அங்கயே கொண்டாட்டம் ஆரம்பிச்சுடும். அது ஒரே திசையில சுத்துற மோனோரயில், டிஸ்னிசீ மூணாவது நிறுத்தம்.

உள்ளே போனதும் தண்ணி வழிஞ்சு ஓடுற பெரிய பூமி உருண்டை ஒண்ணு இருக்கும். அதைத் தாண்டி, ஒரு ஹோட்டலுக்கு அடியில வளைவுப் பாதை. மிராகோஸ்டாங்கிற அந்த ஹோட்டல் பார்க்குக்கு உள்ளேயே கட்டினது. வளைவைத் தாண்டினதும் ஒரு துறைமுகம், அதுக்கு அந்தப் பக்கம் 51 மீட்டர் உயரத்துல ஒரு எரிமலை. மத்த டிஸ்னி பார்க்ல கோட்டை நிக்கிற இடத்துல இங்க இந்த ப்ரோமிதியஸ் மலை நிக்குது. அப்பப்போ உறுமும், புகை விடும், நெருப்பும் கக்கும்.

முதல்ல வர்ற இந்தப் பகுதி மெடிட்டரேனியன் ஹார்பர். இத்தாலியில கடலோரமா இருக்கிற ஊர் மாதிரி கட்டியிருக்காங்க. எல்லாரும் இங்க நிக்காம ஓடுவாங்க. நீங்க ஒரு நிமிஷம் நின்னு அந்த வீட்டுச் சுவரை நல்லா பாருங்க. மேல் மாடியில தெரியுற ஜன்னல்கள்ல சிலது ஜன்னலே இல்ல, பெயின்ட். கதவும் நிழலும் சேர்த்து வரைஞ்சிருப்பாங்க. காசு மிச்சம் பிடிக்கப் பண்ண வேலை இல்ல இது. இத்தாலியில லிகூரியா கடற்கரை ஊர்கள்ல நிஜமாவே அப்படி வரையற வழக்கம் உண்டு, அதை அப்படியே இங்க கொண்டு வந்திருக்காங்க.

துறைமுகத்துக்கு எதிர்க்கரையில, எரிமலை அடிவாரத்துல ஒரு கோட்டை. பேரு ஃபோர்ட்ரஸ் எக்ஸ்ப்ளோரேஷன்ஸ். க்யூ கிடையாது, நேரக்கணக்கு கிடையாது, நடந்து உள்ளே போயிடலாம். ஒரு அறையில கைப்பிடியைச் சுத்தினா தலைக்கு மேல கிரகங்கள் நகரும். இன்னொரு கோபுரத்துல, பூமி சுழலுறதைக் கண்ணால காட்டுற ஃபூக்கோ ஊசல் தொங்குது. பீரங்கிக்குப் பின்னாடி நின்னு சுடலாம், பக்கத்துல கட்டியிருக்கிற பாய்மரக் கப்பல்ல ஏறலாம். இந்தப் பார்க்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். 120 நிமிஷ க்யூவுல நிக்கிற கூட்டத்துக்கு, இப்படி ஒரு இடம் காலியா கிடக்குன்னே தெரியாது.

அதே பகுதியிலதான் ‘சோரிங்’ இருக்கு, 2019ல வந்தது. இருக்கையோட தூக்கி, பெரிய வளைவுத் திரைக்கு முன்னாடி தொங்க விடுவாங்க, உலகத்து மேல பறக்கிற மாதிரி இருக்கும். கூட்டம் அதிகம். குறைஞ்சது 102 செ.மீ. உயரம் வேணும்.

(காட்சி: எரிமலைக்கு உள்ளே போற சுரங்கப் பாதை)

அடுத்தது எரிமலைக்கு உள்ளே இருக்கிற மிஸ்டீரியஸ் ஐலண்ட். இங்க வந்தா சுத்தியும் பாறைதான், மத்த பகுதி எதுவுமே கண்ணுக்குத் தெரியாது. ஜூல்ஸ் வெர்ன் கதைகள்ல வர்ற கேப்டன் நெமோ, உலகத்தை வெறுத்து ஒதுங்கி, எரிமலைக் குழிக்குள்ள ரகசியத் தளம் அமைச்சிருக்கார்ங்கிறதுதான் கதை. துருப்பிடிச்ச இரும்பு, திருகாணி, கொதிக்கிற தண்ணி, நடுவுல அவரோட நாட்டிலஸ் நீர்மூழ்கி.

இங்க ரெண்டு ரைடு. முதலாவது ‘ஜர்னி டு தி சென்டர் ஆஃப் தி எர்த்’. நெமோ தோண்டின சுரங்கத்துல வண்டி இறங்கும். படிகக் குகை, பெரிய பெரிய காளான் காடு, எல்லாம் அமைதியா போயிட்டிருக்கும்போது பூமி குலுங்கும், போக வேண்டிய வழி அடைச்சுக்கும். வண்டி தப்பான பக்கம் திரும்பி, ஒரு எரிமலைப் பிராணிக்கு முன்னாடி போய் நிக்கும். அங்கிருந்து 75 கி.மீ. வேகத்துல மேலே சீறிப் பாஞ்சு, மலையோட வயித்துல இருக்கிற ஓட்டை வழியா ஒரு நொடி வெளியில வந்து, சரிஞ்சு உள்ளே போயிடும். துறைமுகத்துல நிக்கும்போது கேட்ட அலறல் சத்தம் இதுதான். உயரம் 117 செ.மீ.

இரண்டாவது, கடலுக்கு அடியில போற ‘20,000 லீக்ஸ்’. 6 பேர் உக்கார்ற சின்ன நீர்மூழ்கி. வட்டக் கண்ணாடி வழியா கடலடி தெரியும், கையில இருக்கிற குமிழைத் திருப்பினா விளக்கு வெளிச்சம் நீங்க காட்டுற பக்கம் போகும். வெளியில குமிழி குமிழியா தண்ணி கொப்பளிக்கும். ஆனா வண்டி தண்ணியில இறங்கறதே இல்ல! மேல இருக்கிற தண்டவாளத்துல தொங்கிக்கிட்டு, காய்ஞ்ச தரைக்கு மேலதான் போகுது. தண்ணி இருக்கிறது ஜன்னலோட ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல மட்டும்தான். இது தெரிஞ்சே ஏறினாலும், குமிழி எழும்பும்போது உடம்பு கீழ இறங்கற மாதிரியே இருக்கும். வேகம் கிடையாது, சின்னக் குழந்தையும் தாத்தா பாட்டியும் சேர்ந்தே ஏறலாம்.

(காட்சி: ஹோட்டல் ஹைடவர் முகப்பு)

இப்போ அமெரிக்கன் வாட்டர்ஃப்ரன்ட். 20ஆம் நூற்றாண்டு தொடக்கத்து நியூயார்க். கரையில எஸ்.எஸ். கொலம்பியாங்கிற பெரிய பயணிகள் கப்பல், அதுக்குக் கொஞ்சம் தள்ளி 59 மீட்டர் உயரத்துல ஒரு பாழடைஞ்ச ஹோட்டல். அதுதான் ‘டவர் ஆஃப் டெரர்’.

அமெரிக்காவுல இதே பேர்ல இருக்கிற ரைடுக்கு வேற கதை. இந்தக் கதை டோக்கியோவுக்குன்னே எழுதினது. ஹாரிசன் ஹைடவர்னு ஒரு பணக்காரன். நாடு நாடா போய் கோயில்லயும் கிராமத்துலயும் இருக்கிற சிலைகளைப் பிடுங்கிட்டு வந்து தன்னோட ஹோட்டலை நிரப்பினவன். ஆப்பிரிக்காவுல ஷிரிக்கி உதுந்துங்கிற ஒரு சிலையையும் தூக்கிட்டு வந்தான். 1899 டிசம்பர் 31 ராத்திரி, அந்தச் சிலையை மேல் மாடியில இருக்கிற தன் வீட்டுக்குக் கொண்டு போக லிஃப்ட்ல ஏறினான். லிஃப்ட் அறுந்து விழுந்துச்சு. உள்ளே சிலை மட்டும் இருந்துச்சு, ஆளைக் காணோம். வருஷக்கணக்கா பூட்டிக் கிடந்த ஹோட்டலை 1912ல சுத்திக் காட்டறாங்க. அதைப் பார்க்க வந்த ஆளுங்கதான் நீங்க.

கோயில் சிலை காணாமப்போச்சு, வெளிநாட்டு மியூசியத்துல கிடைச்சுதுன்னு பேப்பர்ல படிச்சே வளர்ந்த நமக்கு இந்தக் கதை சும்மா பேய்க்கதையா தெரியாது. அதனால லாபி சுவர் ஓவியங்களை அவசரமில்லாம பாருங்க. ஒவ்வொண்ணுலயும் ஹைடவர் எதையாவது தூக்கிக்கிட்டு ஓடுறான், பின்னாடி அந்த ஊர்க்காரங்க துரத்தறாங்க. அடுத்த அறையில அவனோட பேச்சு ஒலிப்பதிவா ஓடும்போது சிலை மேலயே கண்ணை வைங்க. கண்ணுல பச்சை வெளிச்சம் வந்து, எல்லாரும் பார்த்துக்கிட்டிருக்கும்போதே அது மறைஞ்சு போகும். அதுக்கப்புறம்தான் லிஃப்ட். உயரம் 102 செ.மீ.

இதே பகுதியில ‘டாய் ஸ்டோரி மேனியா’ இருக்கு. 3டி கண்ணாடி போட்டுக்கிட்டுத் திரையில சுடுற விளையாட்டு. நல்லாத்தான் இருக்கும், ஆனா க்யூ நீளம். கதைன்னு பெருசா எதுவும் இல்லாததால, நேரம் பத்தலைன்னா தாராளமா விட்டுடலாம்.

அங்கிருந்து குட்டி ரயில் ஒண்ணு போர்ட் டிஸ்கவரிக்குப் போகும். அந்தப் பகுதியைக் கடந்து போனாலே போதும். அடுத்தது லாஸ்ட் ரிவர் டெல்டா, 1930கள்ல மத்திய அமெரிக்கக் காடு. ‘இந்தியானா ஜோன்ஸ்’ல, இளமை தரும் ஊற்றைக் காட்டறேன்னு ஆசை காட்டிக் கோயிலுக்குள்ள ஜீப்ல கூட்டிட்டுப் போவாங்க, காவல் காக்கிற படிக மண்டையோடு கோபப்படும். ‘ரேஜிங் ஸ்பிரிட்ஸ்’ல, அகழ்வாராய்ச்சி பண்ணவங்க நெருப்பு தெய்வத்தையும் தண்ணி தெய்வத்தையும் எதிரெதிரா நிக்க வச்சுடறாங்க, ரெண்டும் சீறிக்கிட்டு நிக்குது. அதுக்கு நடுவுலதான் ரோலர் கோஸ்டர், ஒரு முழு வட்டமும் அடிக்கும். ரெண்டுக்கும் 117 செ.மீ.

(காட்சி: அரேபியன் கோஸ்ட், குவிமாடங்கள்)

அரேபியன் கோஸ்ட்டுக்கு வாங்க. சிந்துபாத் கதை தெரியாத தமிழ் வீடு இருக்கா? ‘சிந்துபாத்ஸ் ஸ்டோரிபுக் வாயேஜ்’ ஒரு படகுப் பயணம், கிட்டத்தட்ட 10 நிமிஷம். 2001ல இது வேற மாதிரி, கொஞ்சம் பயமுறுத்துற ரைடா இருந்துச்சு. 2007ல கதையையே மாத்தி, டிஸ்னி படங்களுக்கு இசையமைக்கிற ஆலன் மென்கனை இசையமைக்க வச்சு, ‘காம்பஸ் ஆஃப் யுவர் ஹார்ட்’னு ஒரு பாட்டைப் படகுத்துறை முதல் கடைசி வரைக்கும் ஓட விட்டாங்க. இந்த சிந்துபாத் புதையலைத் தேடிப் போய் நட்பைச் சம்பாதிச்சுட்டு வர்றவன். கூடவே ஒரு புலிக்குட்டி, பேரு சந்து! அடைச்சு வச்சிருந்த ராட்சசனை விடுவிப்பான், ருக் பறவையோட குஞ்சைக் காப்பாத்துவான். நூத்துக்கும் மேல அசையும் பொம்மைகள், எதுவும் ஏனோதானோன்னு அசையாது. ஒரு காட்சியில வாழைப்பழ வாசனை மூக்கைத் துளைக்கும். க்யூ பெரும்பாலும் ரொம்பச் சின்னது. உயரக் கட்டுப்பாடும் இல்ல. தமிழ் பேசுற குழந்தையோட போறவங்க, முந்தின ராத்திரி சிந்துபாத் கதையைச் சொல்லிட்டுக் கூட்டிட்டுப் போங்க. ஜப்பானிய மொழி ஒரு வார்த்தை புரியலைன்னாலும் ஒரு காட்சி விடாம அவங்களே உங்களுக்குச் சொல்லுவாங்க.

சாப்பாட்டையும் இங்கயே சொல்லிடறேன். காஸ்பா ஃபுட் கோர்ட்ல நான் ரொட்டி, சாதம், குழம்பு கிடைக்கும். ஆனா சைவம் சாப்பிடறவங்க கவனமா இருக்கணும். ஜப்பான்ல பல குழம்பு, சூப்புக்கு அடிப்படையே மீன்ல எடுக்கிற தாஷி. காய்கறி மட்டும் கண்ணுக்குத் தெரிஞ்சாலும் கேட்டுட்டு வாங்குங்க. எரிமலைக்குள்ள எல்லாரும் கையில வச்சுத் திங்கிற கியோசா பன்ல இருக்கிறது பன்றி இறைச்சி. பாப்கார்ன் சுவை வண்டிக்கு வண்டி மாறும், அதைத் தேடி அலையறதே அங்க ஒரு பொழுதுபோக்கு.

பக்கத்துல மெர்மெய்ட் லகூன். பெரும்பகுதி கூரைக்கு அடியில இருக்கு, சின்னக் குழந்தைகளுக்கான ரைடுகள். மழை பிடிச்சாலோ ஆகஸ்ட் வெயில் கொளுத்தினாலோ இங்க வந்துடுங்க.

கடைசியா வந்தது ஃபேன்டஸி ஸ்பிரிங்ஸ், 2024 ஜூன் 6ஆம் தேதி திறந்த எட்டாவது பகுதி. ஏறக்குறைய 32,000 கோடி யென் போட்டுக் கட்டினது. ‘ஃப்ரோசன்’, ‘டாங்கிள்டு’, ‘பீட்டர் பான்’ மூணு படங்களோட உலகம். முதல் ரெண்டும் படகு ரைடு, சின்னப் பிள்ளைகளும் ஏறலாம். ‘டாங்கிள்டு’ நாயகி ரபன்சலோட படகு சின்னப் பயணம்தான், ஆனா கடைசியில விளக்குகள் மேல எழும்புற இடத்துக்காகவே போகலாம். பீட்டர் பானுக்கு 102 செ.மீ.

அப்போ நாளை எப்படிப் பிரிக்கிறது? பெரியவங்களுக்கு ஒரு நாள் டிக்கெட் 2023 அக்டோபர்ல இருந்து 7,900 முதல் 10,900 யென் வரைக்கும், தேதியைப் பொறுத்து மாறும். 3 வயசு வரைக்கும் இலவசம். ஏப்ரல் கடைசியில தொடங்குற கோல்டன் வீக் விடுமுறை பக்கமே போகாதீங்க. டோக்கியோ டிஸ்னி ரிசார்ட் ஆப்பை நம்ம ஊர்லயே போன்ல போட்டு, கார்டையும் சேர்த்து வச்சுடுங்க. கேட்டைத் தாண்டின உடனே ப்ரீமியர் ஆக்சஸ்னு காசு கட்டி வாங்குற விரைவு அனுமதியை அதுலதான் எடுக்கணும். எல்லாத்துக்கும் வாங்க வேண்டாம். என் கணக்குல, ஃப்ரோசன் இல்ல சோரிங், ஏதாவது ஒண்ணுக்கு மட்டும் வாங்கினா போதும்.

காலையில கால் தெம்பா இருக்கும்போது டவர் ஆஃப் டெரர், எரிமலை ரைடு ரெண்டையும் முடிச்சுடுங்க. கூட்டம் உச்சத்துல இருக்கிற மதியத்துல சிந்துபாத், நீர்மூழ்கி, கோட்டை. பொழுது சாயும்போது துறைமுகத்துக்குத் திரும்பி வாங்க. தண்ணி மேல நடக்கிற ராத்திரி நிகழ்ச்சிக்கு முன்னாடியே இடம் பிடிச்சு உக்காரணும்.

நிகழ்ச்சி முடிஞ்சதும் மொத்தக் கூட்டமும் மோனோரயிலுக்குப் போகும். நடக்க முடிஞ்சவங்க மைஹாமா வரைக்கும் நடந்தே போயிடலாம், கால் மணி நேரம்தான். ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க: டோக்கியோ ஸ்டேஷன்ல கேயோ லைன் பிளாட்ஃபார்ம் மத்த ரயில்களுக்கு ரொம்பத் தள்ளி, பூமிக்கு அடியில இருக்கு. அங்க இறங்கி வேற ரயில் பிடிக்கணும்னா, நடக்கிறதுக்குன்னே 15 நிமிஷம் கூட வச்சுக்கிட்டுக் கிளம்புங்க.