ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பணிச்சுமைக்கு நடுவே நேரம் ஒதுக்கி வந்திருக்கும் மாவட்ட வருவாய் அலுவலர் அவர்களே, செஞ்சிலுவைச் சங்கத்துப் பெரியோர்களே, மேடை ஏறாமல் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் குடோன் பொறுப்பாளர்களே (உங்களைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்), அனைவருக்கும் வணக்கம்.

நிவாரணக் கொள்முதலில் கார்பனைக் குறைப்பது பற்றி மூன்று செய்தி சொல்ல வந்தேன்: பயணம், பொருள், கழிவு. ‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்பது நம் பழமொழி. அளக்கும் முறைக்கு இன்று ஐ.எஸ்.ஓ. 14040 என்று சர்வதேசத் தர எண்ணே உண்டு. மூலப்பொருளில் தொடங்கி, தயாரிப்பு, பயணம், உபயோகம் என்று குப்பைக்குப் போகும்வரை கணக்குப் பார்ப்பது. அதுதான் வாழ்க்கைச் சுழற்சிப் பகுப்பாய்வு.

2004 சுனாமியை நினைத்துப் பாருங்கள். நாகப்பட்டினத்துக்கு லாரி லாரியாகப் பழைய துணி வந்தது. ஊரார் உடுத்திக் கழித்ததை மீனவக் குடும்பங்கள் வாங்க மறுத்தன. கடலோடு மல்லுக்கட்டி உழைத்துச் சாப்பிட்டவர்கள், ஏன் வாங்குவார்கள்? துணி சாலையோரம் மலையாகக் குவிந்தது. இருக்கிற வேலையை விட்டுவிட்டு அதை அள்ள ஆள் போட வேண்டியதாயிற்று. அந்த லாரிக்குச் சென்னையிலிருந்து சுமார் 300 கி.மீ. தூரம். லிட்டருக்கு 4 கி.மீ. என்று வைத்தால் 75 லிட்டர் டீசல். லிட்டருக்கு 2.7 கிலோ வீதம் ஒரு லாரிக்கு 200 கிலோ கார்பன் டை ஆக்சைடு. வெறும் வண்டி திரும்பியது தனிக்கணக்கு. எல்லாம் யாரும் உடுத்தாத துணிக்கு! (கைதட்டல்)

தார்ப்பாய்க்கு வருவோம். சர்வதேச நிவாரண அமைப்புகள் வாங்குவது 4-க்கு 6 மீட்டர், எடை 5 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அதற்கான பிளாஸ்டிக்குக்கு மட்டும் ஏறத்தாழ 10 கிலோ கார்பன் டை ஆக்சைடு. 9,000 கி.மீ. விமானத்தில் ஏற்றினால் இன்னும் 20 கிலோவுக்கு மேல். கப்பலில் 1 கிலோகூட வராது. கப்பலுக்கு வாரக்கணக்கில் ஆகும் என்பதால் புயலுக்கு முன்பே வாங்கி அடுக்க வேண்டும்.

எதை அளப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ‘ஒரு தார்ப்பாய்’ அல்ல, ‘ஒரு குடும்பம் ஒரு வருடம் நனையாமல் இருக்க’ என்பதே அலகு. புற ஊதா தடுப்பு சேர்க்காத பாய் வெயிலில் பொடிந்து, கயிறு கட்டும் ஓட்டையில் கிழியும். நாலு மாதத்தில் கிழிந்தால் வருடத்துக்கு மூன்று பாய், மூன்று பயணம். அளந்து போடு என்றால் நாம் விலையை மட்டும் அளக்கிறோம்! எல்1 வந்தவருக்கே, அதாவது மிகக் குறைந்த விலை கேட்டவருக்கே ஆர்டர் என்ற விதியை எந்த மேடையில் ஏறினாலும் நான் திட்டுவது உங்களுக்குத் தெரியும்.

கழிவைப் பற்றி இன்னொரு நாள். அலுவலர் அவர்களிடம் ஒரே கோரிக்கை: டெண்டர் படிவத்தில் சதுர மீட்டர் எடை, வெயில் தாங்கும் சோதனைச் சான்று, வரும் வழி என்று மூன்று பத்தி சேருங்கள். குடோன்காரர்களே, சதுர மீட்டருக்கு 200 கிராம் கேட்டிருந்தால், பாயின் 24 சதுர மீட்டருக்கு 4.8 கிலோ வர வேண்டும். கட்டைப் பிரித்து ஒன்றைத் தராசில் வையுங்கள். 4 கிலோதான் காட்டினால் லாரியிலிருந்து இறக்கவே இறக்காதீர்கள்.