நோயாளியின் கேள்விக்கு யார் பணம் கொடுப்பது?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அதை நாம் எந்த உருவத்தில் பார்த்திருக்கிறோம்? கிளினிக்கில் நிறுவனத்தின் பெயர் பொறித்த நாற்காலிகள், பாடசாலைக்கு ஒரு குடிநீர் வடிகட்டி, வெள்ளம் வந்தால் உலர் உணவுப் பொதி. இவற்றை நான் குறைத்துச் சொல்லவில்லை. காலையிலிருந்து வரிசையில் நின்ற கர்ப்பிணித் தாய்க்கு உட்கார ஓர் இடம் கிடைப்பது நல்ல காரியம்தான். ஆனால் அந்தப் பணத்தில் ஒரு பங்கு, நோயாளிகளின் கேள்விகளுக்கு விடை தேடும் ஆராய்ச்சிக்கும் போக வேண்டும். அதைக் கேட்கத்தான் வந்திருக்கிறேன். தாதிய உத்தியோகத்தராக வார்டில் வேலை செய்தவள் என்ற உரிமையில் கேட்கிறேன்.

நமக்கு நன்கு தெரிந்த பாம்புக்கடியையே எடுத்துக்கொள்வோம்.

பெரும்போக அறுவடை தொடங்கினால், வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பக்கமிருந்து கடிபட்டவர்கள் வருவார்கள். வரம்பில் கால் வைத்தபோது புடையன் தீண்டியிருக்கும்; இல்லையென்றால் யானைக் காவலுக்குப் போய் வாடியில் பாய் விரித்துப் படுத்தவரைக் கட்டுவிரியன் கடித்திருக்கும். வந்தவுடன் சிறிது இரத்தம் எடுத்து, சுத்தமான கண்ணாடிக் குழாயில் விட்டு, அசைக்காமல் 20 நிமிடம் வைப்போம். பிறகு குழாயைச் சரித்துப் பார்ப்போம். இரத்தம் உறைந்து நின்றால் மனம் கொஞ்சம் ஆறும். தண்ணீர் போல ஓடினால் விஷம் வேலையைத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த 20 நிமிடமும் கட்டிலருகே நிற்கும் மனைவியின் கண் அந்தக் குழாயை விட்டு அகலாது.

அடுத்து விஷமுறிவு மருந்து ஏற்ற வேண்டும். அது இந்தியாவில், இந்தியப் பாம்புகளின் விஷத்தைக் கொண்டு தயாரிக்கப்படுவது. நம் நாட்டில் பலரைக் கடிக்கும், மூக்கு மேல்நோக்கி வளைந்த சிறிய குழிவிரியனுக்கு அது உதவாது. உதவும் கடிகளிலும் மருந்தே சிலருக்குப் பகையாகிவிடும். உடல் குளிர்ந்து நடுங்கும், தோல் தடிக்கும், இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். இதைத் தடுக்க எந்த மருந்தை முன்கூட்டிக் கொடுப்பது என்று இலங்கை மருத்துவமனைகளிலேயே ஓர் ஆய்வு நடந்தது. 2011இல் முடிவு வெளியானது. வழக்கமாகக் கொடுத்துவந்த ஹைட்ரோகார்ட்டிசோனும் புரோமெதசினும் பயன் தரவில்லை. மருந்தேற்றுவதற்குச் சற்று முன்னர் குறைந்த அளவில் போடும் அட்ரினலின் ஊசி, கடுமையான எதிர்விளைவுகளைக் கணிசமாகக் குறைத்தது. அட்ரினலின் மிகவும் மலிவானது, எல்லா ஆஸ்பத்திரியிலும் இருப்பது. இந்த விடையால் எந்த மருந்துக் கம்பனிக்கும் ஒரு சதம் இலாபம் வராது. ஆனால் மருந்து ஏறும்போது கட்டிலைப் பிடித்துக்கொண்டு நடுங்கியவர்களைப் பார்த்த எனக்கு அதன் பெறுமதி தெரியும்.

2016இல் வெளியான நாடளாவிய ஆய்வு ஒன்று, இலங்கையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 80,000 பாம்புக்கடிகள் நிகழ்வதாகவும் 400 பேர் இறப்பதாகவும் மதிப்பிட்டது. இருந்தும் உலக சுகாதார நிறுவனம் 2017இல்தான் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. ஏன் புறக்கணிப்பு? கடிபடுகிறவர் ஏழை விவசாயி. சனோபி என்ற பெரிய மருந்து நிறுவனம், ஆப்பிரிக்கப் பாம்புகளுக்கான தன் விஷமுறிவு மருந்தின் உற்பத்தியை 2014இல் நிறுத்தியது. விற்று இலாபம் வராத இடத்துக்குச் சந்தை போகாது. சந்தை போகாத அந்த இடத்துக்குத்தான் சமூகப் பொறுப்பு நிதி வர வேண்டும் என்கிறேன்.

நம் வயல்களை நம்பி வாழும் நிறுவனங்கள் எத்தனை! உரம் விற்பவர்கள், உழவு இயந்திரத்துக்கும் அறுவடை இயந்திரத்துக்கும் லீசிங் கொடுப்பவர்கள், காப்புறுதி விற்பவர்கள், நெல்லை வாங்கிக் குற்றி அரிசியாக்கி விற்பவர்கள். அந்த விவசாயியின் காலைப் பாதுகாப்பது அவர்களுடைய கடனும்தான்.

ஆனால் பணம் வந்தால் போதுமா? ஆராய்ச்சியின் கேள்வி யாருடையது என்பதே எனக்கு முக்கியம். பிழைத்து எழுந்தவர்கள் டாக்டரிடம் அல்ல, டிரிப் மாற்ற வரும் எங்களிடம்தான் மனம் திறப்பார்கள். "மிஸ், வாற போகத்துக்கு நான் வயலுக்கு இறங்கலாமா?" "இந்தக் கால் வீக்கம் எப்ப வத்தும்?" "இரவில் கண் மூடினால் பாம்புதான் வருது, இது மாறுமா?" பூட்ஸ் போடச் சொன்னால், அது சேற்றில் புதைந்து காலோடு வராது என்பார்கள். நம் சேற்றில் நடக்கக்கூடிய பாதணி ஒன்று வேண்டும் என்பதும் ஓர் ஆராய்ச்சிக் கேள்விதான். ஆய்வுகூடத்தில் இருப்பவருக்கு அது தோன்றாது. கடிபட்டவர்களின் மனச்சோர்வைப் பற்றி நம் நாட்டில் செய்த ஆய்வும் 2011இல் வெளிவந்தது; ஆனால் நம் கிளினிக்குகளில் இன்றும் புண்ணைப் பார்க்கிறோமே தவிர உறக்கத்தைப் பற்றிக் கேட்பதில்லை.

இங்கிலாந்தில் 2004 முதல் ஜேம்ஸ் லிண்ட் கூட்டணி என்ற அமைப்பு, நோயாளிகளையும் பராமரிப்பவர்களையும் மருத்துவர்களையும் ஒரே மேசையில் இருத்தி, ஒவ்வொரு நோயிலும் விடை காண வேண்டிய முதல் 10 கேள்விகளை அவர்களைக் கொண்டே தெரிவு செய்கிறது. இதற்குப் பெரிய கட்டடம் வேண்டியதில்லை. நம் வைத்தியசாலை அபிவிருத்திக் குழுக்களும் கமக்காரர் அமைப்புகளும் கூடினால் இங்கேயும் செய்யலாம். விஷகடிக்கு நாட்டு வைத்தியம் செய்யும் பரிசாரியாரையும் அந்த மேசைக்கு அழைக்க வேண்டும். கடிபட்டவர்களில் பலர் முதலில் போவது அவரிடம்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு வேண்டும். பணம் தருபவர் முடிவில் கை வைக்கக் கூடாது. 1967இல் அமெரிக்காவில், இதய நோய்க்குச் சீனியின் பங்கைக் குறைத்தும் கொழுப்பின் பங்கைப் பெரிதாக்கியும் ஒரு கட்டுரை வந்தது. அதற்குச் சீனி வியாபாரிகளின் அமைப்பு பணம் கொடுத்திருந்தது 2016இல்தான் வெளியே வந்தது. இடையில் போன ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள். எனவே நிதி நேராக ஆய்வாளரின் கைக்குப் போகாமல் பல்கலைக்கழகத்தின் ஊடாகப் போகட்டும். நெறிமுறைக் குழு அனுமதிக்கட்டும். சிகிச்சைப் பரிசோதனை என்றால் இலங்கையின் பதிவேட்டில் முன்கூட்டியே பதியட்டும். உரமும் ஒரு காரணமோ என்று சந்தேகிக்கப்படும் சிறுநீரக நோயை உரம் விற்பவரின் பணத்தில் ஆராய்ந்தால், முடிவு அவருக்குப் பாதகமாக வந்தாலும் அச்சில் வரும் என்று முதல் நாளே எழுதிக் கையொப்பமிட வேண்டும். அதற்குச் சம்மதிக்காதவரிடம் நாற்காலி வாங்கிக்கொள்வோம். ஆராய்ச்சிப் பணம் வேண்டாம்.

2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கேள்விக்கொத்துகளோடு நம் முகாம்களுக்கு வந்தவர்கள் பலர். தாய்மார் அழுதழுது பதில் சொன்னார்கள். என்ன கண்டுபிடித்தோம் என்று சொல்லத் திரும்பி வந்தவர்கள் மிகச் சிலர். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. ஆகவே, யாராவது படிவத்தோடு உங்கள் வாசலுக்கு வந்தால், இது யாருடைய பணம், முடிவை எங்களுக்குத் தமிழில் எப்போது சொல்வீர்கள் என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. பதில் திருப்தியாக இல்லையென்றால் கையொப்பமிட மறுக்கலாம். அதனால் உங்கள் சிகிச்சையில் எந்தக் குறையும் வரக் கூடாது என்பது விதி.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் நிறுவன முகாமையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டுக்கான நிதியை ஒதுக்குவதற்கு முன் ஒரு நாள் மருத்துவ விடுதிக்கு வாருங்கள். கமரா வேண்டாம். கடிபட்டுப் படுத்திருப்பவரிடமும் அவருடைய வீட்டாரிடமும், உங்களுக்கு எது தெரிய வேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்போடு மருத்துவ பீடத்துக்குப் போனால், அங்கே வழிகாட்ட ஆட்கள் இருக்கிறார்கள்.

நன்றி, வணக்கம்.